யாழ்ப்பாணத்து நிலமும் சிறு முலையூட்டிகளின் பிறப்புரிமைத் தனிமையும்

யாழ்ப்பாண நகரின் பண்ணைக் கரையிலிருந்து பார்த்தால் மண்டைதீவு வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும். தாம்போதி வழியே சைக்கிளில் போகிறவர் இரண்டு பக்கமும் கிடக்கும் நீரைப் பொருட்படுத்துவதில்லை. பற்றையின் மறைவை விட்டு வெளியே வரத் தயங்கும் முயலுக்கும், மணலில் வளை தோண்டி வாழும் வெள்ளெலிக்கும், இரவில் சுவரை ஒட்டியே ஓடும் மூஞ்சூறுக்கும் அந்த நீரும் அதன்மேல் போடப்பட்ட வீதியும் அவ்வளவு எளிய காரியமாக இருப்பதில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கூட்டங்கள் சில கிலோமீற்றர் இடைவெளியில் வாழ்ந்தும் ஒன்றோடொன்று கலக்காமல் போகலாம். அப்படிப் போனால், தலைமுறைகள் கடக்கக் கடக்க அவற்றின் பரம்பரையலகுகளில் (மரபணுக்களில்) வேறுபாடு சேர்ந்துகொண்டே வரும். இந்தப் பிரிவை நிலம் எவ்வாறு உண்டாக்குகிறது என்பதை ஆராயும் துறைக்கு நிலத்தோற்றப் பிறப்புரிமையியல் என்று பெயர். ஸ்டெஃபனி மனெல், மைக்கல் சுவாட்ஸ், கோர்டன் லுய்க்கார்ட், பியர் தபர்லே ஆகிய நால்வர் 2003ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையோடு அது தனித்துறையாக நிலைபெற்றது.

வரைபடத்தில் அளக்கும் தூரம் விலங்கின் தூரமாக இருக்கவேண்டியதில்லை என்பதே அத்துறையின் அடிப்படைக் கூற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இதனுடன் இன்னொன்றையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. இங்கே இடைநிலம் நிலையாக இருந்ததில்லை. கடல் சூழ்ந்து தீவுகளானவை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. தாம்போதிகளும் பாலங்களும் அண்மைக்காலத்தவை. உயிர்வேலிகள் மதில்களாக மாறியதும், ஊர்கள் பற்றைக்காடாகிப் பின் மீண்டும் ஊர்களானதும் இன்று உயிரோடு இருப்பவர்கள் கண்ட மாற்றங்கள். ஆகவே, இங்குள்ள ஒரு சிறு விலங்கின் பரம்பரையலகுகளில் தெரியும் பிரிவு இன்றைய நிலத்தினால் வந்ததா, இல்லாமற்போன ஒரு நிலத்தினால் வந்ததா என்ற கேள்வியை முதலிலேயே கேட்டாக வேண்டும்.

பிரிந்த கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரின் எதிருருக்கள், அதாவது ஒரே பரம்பரையலகின் மாற்று வடிவங்கள், எல்லாமே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதில்லை. சில விலங்குகள் குட்டி ஈனாமலே இறக்கின்றன. சில நிறையக் குட்டிகளை விட்டுச் செல்கின்றன. பெரிய கூட்டத்தில் இந்த ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சிறிய கூட்டத்தில் அப்படி ஈடாவதில்லை. தற்செயலாகவே சில எதிருருக்கள் அழிகின்றன, சில கூட்டம் முழுவதும் பரவிவிடுகின்றன. பிறப்புரிமை நகர்வு என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். இதன் வேகத்தைக் கணக்கிட முடியும். உண்மையில் இனப்பெருக்கத்தில் பங்குகொள்ளும் விலங்குகளின் எண்ணிக்கை 25 ஆக இருந்தால், கூட்டத்திலுள்ள இதரநுகத்தன்மையில் (ஒரு விலங்கு ஒரே பரம்பரையலகின் இரு வேறு எதிருருக்களைக் கொண்டிருக்கும் அளவில்) தலைமுறைக்கு 2 சதவீதம் குறையும். 500 ஆக இருந்தால் 0.1 சதவீதந்தான். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் ஒரு கொறிணியை எடுத்துக்கொண்டால், 25 ஆண்டுகளில் 50 தலைமுறைகள் கழிந்துவிடும். அந்த முடிவில் முதற்கூட்டத்தில் தொடக்கத்திலிருந்த பல்வகைமையில் ஏறக்குறைய 36 சதவீதமே எஞ்சும், இரண்டாவதில் 95 சதவீதம் எஞ்சும். சிறு முலையூட்டிகளை வைத்து இத்துறையினர் அதிகம் ஆராய்வதன் காரணமும் இதுவே. யானையில் பல நூற்றாண்டுகள் எடுக்கும் மாற்றத்தை எலியில் ஒரு மனிதரின் பணிக்காலத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

நகர்வு பிரிக்கிறது, வெளியிலிருந்து வந்து சேரும் விலங்கு அந்தப் பிரிவை ஈடுசெய்கிறது. சீவல் ரைட் 1931இல் அமைத்த தீவு மாதிரியின்படி, ஒரு தலைமுறைக்கு ஒரேயொரு விலங்கு வந்து சேர்ந்தாலே இரண்டு கூட்டங்களும் மிகத் தூரம் விலகிப்போகாமல் இருக்கும். கூட்டங்கள் பெரியவையா சிறியவையா என்பதைப் பொறுத்து இந்த எண் மாறுவதில்லை என்பது முதன்முறை கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். பெரிய கூட்டத்தில் ஒரு வந்தேறியின் பங்கு சிறிது, ஆனால் அங்கே நகர்வும் மெதுவாகவே நடக்கிறது என்பதனால் கணக்கு நேராகிவிடுகிறது. கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. வந்து சேர்ந்த விலங்கு அங்கே குட்டி ஈன வேண்டும். தாம்போதியைக் கடந்துவந்து, மறுகரையில் இடம் பிடித்துவைத்திருக்கும் ஆண்களால் விரட்டப்பட்டு இறந்துபோகும் முயல், பரம்பரையலகுகளின் கணக்கில் வராத முயலேயாகும்.

தூரம் கூடக்கூடக் கலப்புக் குறையும் என்பதையும் ரைட் 1943இல் எழுதினார். நிலம் எங்கும் ஒரே தன்மையாக இருந்தால் அது போதுமானது. அப்படி எந்த நிலமும் இல்லை என்பதனால், பிராட் மக்ரே என்ற ஆய்வாளர் 2006இல் மின்சுற்றுக் கோட்பாட்டை இங்கே கொண்டுவந்தார். நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் அந்த விலங்கு அதைக் கடப்பதிலுள்ள இடரை ஒரு தடையாகக் கொடுத்து, இரண்டு கூட்டங்களுக்கிடையே மின்னோட்டம் பாய்வதுபோலக் கணக்கிடுவது அவரது முறை. இதன் சிறப்பு என்னவென்றால், மிகக் குறுகிய ஒரு பாதையை மட்டும் பாராமல் எல்லாப் பாதைகளையும் அது சேர்த்து எண்ணுகிறது. அகன்ற வெளியூடாக ஆயிரம் வழிகளில் போகக்கூடிய இரண்டு கூட்டங்கள், ஒடுங்கிய ஒரு நிலக்கழுத்தினூடாக மட்டும் போகக்கூடிய இரண்டு கூட்டங்களைவிட நெருக்கமாக இருக்கும். தூரம் ஒன்றாக இருந்தாலும் அப்படித்தான். குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஒடுங்கிய வழிகளான ஆனையிறவையும் சுண்டிக்குளத்தையும் அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இனிக் குடாநாட்டின் நிலத்தைப் பார்ப்போம். மயோசீன் காலச் சுண்ணக்கல்லின்மேல் அமைந்த, மலையோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறோ இல்லாத தட்டை நிலம் இது. மலைத்தொடர்களையும் பள்ளத்தாக்குகளையும் வைத்தே பிரிவைப் பேசிப் பழகிய துறைக்கு இங்கே தடை எதுவுமே இல்லை என்று தோன்றலாம். தடை இங்கே நீரிலும் உப்பிலும் இருக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி என்ற மூன்று பெரும் பிரிவுகளுக்கிடையே உப்பாறும், தொண்டைமானாறும், வடமராட்சிக் கடல்நீரேரியும் ஊடுபோகின்றன. தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி குடாநாட்டை வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

இந்த நீரேரிகள் ஆழங்குறைந்தவை. மாரியில் நிரம்பிக் கரையோரத் தரவைகளையும் மூடுகின்றன. ஆடி ஆவணியில் அவற்றின் பெரும்பகுதி வற்றி, உப்புப் பூத்த வெறுந்தரையாகக் கிடக்கின்றன. எனவே இவை பருவத்துக்குப் பருவம் மாறும் தடைகள். வற்றிய தரையைக் கடக்க நரிக்கும் கீரிக்கும் ஓர் இரவு போதும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வளையெலிக்கோ, புல்லோ பற்றையோ இல்லாத அந்த வெளி நீரைவிடக் கொடியது. ஆந்தையிடமும் பாம்பிடமும் இருந்து ஒளிய அங்கே ஓர் இடமும் கிடையாது. குட்டிகள் வளர்ந்து தாயின் வளையை விட்டு வெளியேறும் காலம் மாரிவெள்ளத்தோடு ஒத்து வருகிறதா, வற்றிய காலத்தோடு ஒத்து வருகிறதா என்பது இங்கே மிகவும் முக்கியமாகிறது. இரண்டு இனங்கள் ஒரே கரையில் வாழ்ந்து ஒரே வேகத்தில் ஓடினாலும், குட்டி ஈனும் காலம் வேறுபட்டால் ஒன்றுக்கு உப்பாறு வழியாகவும் மற்றதற்கு மதிலாகவும் அமைந்துவிடும்.

தீவகத்தின் கதை வேறு. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது தரை; நெடுந்தீவும் புங்குடுதீவும் காரைநகரும் தீவுகளாக இருக்கவில்லை. பனி உருகிக் கடல் ஏறியபின்னரே இவை பிரிந்தன. தரையில் வாழும் சிறு விலங்கு ஒன்று அக்காலத்திலிருந்து ஒரு தீவில் தொடர்ந்து வாழ்ந்திருந்தால், அது ஆயிரக்கணக்கான தலைமுறைகளின் பிரிவைத் தாங்கியிருக்க வேண்டும். நெடுந்தீவு என்றதும் எல்லோரும் கட்டைக் குதிரைகளைப் பற்றியே பேசுகிறார்கள். அவை ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டுச்சென்றவை, சில நூற்றாண்டு வயதுடையவை. அதே தீவின் கற்சுவர் இடுக்குகளில் ஓடும் மூஞ்சூறுகளும் எலிகளும் பிறப்புரிமையியலாளருக்கு அவற்றைவிட அதிகம் சொல்லக்கூடும் என்பது என் எண்ணம்.

நிலம் இருந்தது என்பதனாலேயே விலங்குகள் நடமாடின என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஃபிராங்கி போசைற்றும் அவருடன் சேர்ந்தோரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கைக்கும் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் இடையே நீண்டகாலம் தரைத்தொடர்பு இருந்தும், மரத்தவளைகள், நன்னீர் நண்டுகள் முதலிய பல உயிரினக் குழுக்கள் பெரும்பாலும் தத்தம் பக்கத்திலேயே தனியாகக் கிளைத்து வளர்ந்தன என்று காட்டியது. ஈரக்காட்டில் வாழ்பவற்றுக்கு நடுவிலிருந்த வரண்ட சமவெளி கடலைப்போலவே தடுத்தது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். சிறு முலையூட்டிகளிலும் இதற்குச் சான்று உண்டு. இலங்கையின் ஈரவலயக் காடுகளிலுள்ள கருமையான சிற்றணில், மேற்குத்தொடர்ச்சி மலையிலுள்ள அதன் உறவோடு ஒரே இனமாகவே முன்பு எண்ணப்பட்டது. 2012இல் வெளியான ஆய்வு அதைத் தனி இனமாகப் பிரித்தது. எங்கள் வளவுகளில் ஓடும் முதுகில் மூன்று கோடுள்ள அணிலோ வரண்ட நிலத்துக்கும் பனைக்கும் பழகியது. நீரிணையின் இரண்டு பக்கத்திலும் அது ஒரே இனமாகவே இன்றும் இருக்கிறது. ஒரே நிலப்பாலம் ஓர் அணிலுக்கு வழியாகவும் இன்னோர் அணிலுக்குத் தடையாகவும் இருந்திருக்கிறது.

தாம்போதிகள் தீவுகளை இணைத்துவிட்டன என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். பண்ணை, பொன்னாலை, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான வாணர் தாம்போதி ஆகியவை மனிதருக்கு இணைப்பு என்பதில் ஐயமில்லை. விலங்குகளுக்கு அவை எந்த அளவில் இணைப்பு என்பது இனத்துக்கு இனம் மாறும். தாம்போதியின் இரு மருங்கிலும் அடுக்கப்பட்ட கற்களின் இடுக்கில் எலி ஒளிந்து ஒளிந்து போக முடியும். முயலுக்கு அந்தக் கல்லிடுக்கு உதவாது. வீதியின் மேலாகவே அது ஓட வேண்டும். அணிலுக்குக் கிளை தேவை, அங்கே மரமில்லை. மனிதரோடு ஒட்டி வாழும் வீட்டெலிக்கும் மூஞ்சூறுக்கும் தாம்போதியே தேவையில்லை. நெல்மூட்டையோடும் வைக்கோலோடும் வள்ளத்திலேறி அவை போய்விடும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகள் இன்றுவரை அந்த வேலையைச் செய்கின்றன என்று நம்பலாம். ஆகவே, தீவின் வீட்டெலிகள் நகரத்து எலிகளை ஒத்தும், அதே தீவின் பற்றைக்காட்டு விலங்குகள் முற்றும் விலகியும் இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே.

வீதி இணைப்பதோடு வெட்டவும் செய்கிறது. ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் காட்டுச் சிற்றெலிகளை ஆராய்ந்த கேர்லாக், முசோல்ஃப் ஆகிய இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட, 50 மீற்றர் அகலமான ஒரு நெடுஞ்சாலையின் இரு பக்கத்திலும் இருந்த சிற்றெலிகள் பிறப்புரிமையில் தெளிவாகப் பிரிந்திருந்தன. நாட்டுப்புற வீதியும் புகையிரதப் பாதையும் அப்படிப் பிரிக்கவில்லை. இதை யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருத்துவது தவறாகும். ஏ9 வீதி ஐரோப்பிய நெடுஞ்சாலையின் அகலத்துக்கு எட்டாது, நள்ளிரவுக்குப் பின் அதில் வாகனங்களும் குறைவு. ஆனால் ஆனையிறவில் அதே வீதி நீருக்கு நடுவே, புகையிரதப் பாதையோடு சேர்ந்து, குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியில் போகிறது. சமவெளியில் பொருட்படுத்தத் தேவையில்லாத அகலம் ஒரு கழுத்தில் நிறைய அர்த்தம் பெறும். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் மேற்கே இன்னொரு வழியைத் திறந்திருக்கிறது என்றாலும், நீருக்கு மேலே நிற்கும் அந்தப் பாலத்தில் ஒளிய இடமில்லை. வாகனத்தில் ஏறிவரும் எலியைத் தவிர வேறு சிறு விலங்குகளுக்கு அது பெரிதும் பயன்பட்டிருக்காது.

குடாநாட்டின் உட்பகுதியில் இதைவிட நுணுக்கமான ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் போதிய பேச்சு எழவில்லை. யாழ்ப்பாணத்து வளவுகள் கதியால் வேலிகளால் அடைக்கப்பட்டவை. கிளுவையும் சீமைக்கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் வரிசையாக நட்டு, பனையோலையோ கிடுகோ வைத்துக் கட்டிய வேலி ஒழுங்கைக்கு ஒழுங்கை தொடர்ந்து, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர்வரை போய்க்கொண்டிருந்தது. மேலே கிளைகள் ஒன்றையொன்று தொட்டன, கீழே சருகும் ஓலையும் குவிந்தன. வேலியின் அடியில் அகழான் வளை வைத்தது. சருகுக்குள் மூஞ்சூறு பூச்சி தேடியது. மேலே அணில் ஓடியது. நிலத்தோற்றப் பிறப்புரிமையியலின் மொழியில் சொன்னால், மிகக் குறைந்த தடையுள்ள சதுரங்கள் வலைபோல ஊரெங்கும் கோக்கப்பட்டிருந்தன. அவ்வலையை யாரும் விலங்குகளுக்காகப் போடவில்லை. கதியால் வெட்டிக் கட்டுவதற்கு ஆளில்லாமற்போனதும், வெளிநாட்டுப் பணம் வந்ததும், களவுக்கு அஞ்சியதும் சேர்ந்து, வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில் எழும்புகிறது. அடியில் இடுக்கில்லாத, சருகில்லாத மதில் தரையில் ஓடும் விலங்குக்கு ஒரு முழுத் தடை. வாசற்படலைதான் எஞ்சிய வழி.

நியூயோர்க் நகரப் பூங்காக்களில் வாழும் வெண்பாதச் சுண்டெலிகளை ஜேசன் முன்ஷி-சவுத் ஆராய்ந்தபோது கண்டது இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. பூங்காவுக்குப் பூங்கா அவை தெளிவாக வேறுபட்டிருந்தன என்று 2010இலும், அப்பூங்காக்களுக்கிடையே மரநிழல் தொடர்ந்திருந்த வழிகளிலேயே கலப்பு நடந்தது என்று 2012இலும் அவருடைய ஆய்வுகள் காட்டின. அதே நகரத்தின் வீதி எலிகளைப் பற்றி மத்தியூ கோம்ப்ஸ் முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மன்ஹற்றனின் வடபகுதி எலிகளும் தென்பகுதி எலிகளும் இரு கூட்டங்களாகத் தெரிந்தன. நடுவிலிருந்த வணிகப் பகுதி, வீட்டுக் கழிவும் வளைதோண்ட மண்ணும் குறைந்ததனால், முழுமையற்ற ஒரு தடையாக அமைந்திருந்தது. நதியோ மலையோ இல்லாத இடத்தில் மனிதரின் குடியிருப்பு முறையே எலியின் புவியியலை வகுத்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் மதில் மிகுந்த நகர்ப்புறத்தையும், வேலிகள் இன்னும் எஞ்சியுள்ள வலிகாமத்துத் தோட்டக் கிராமங்களையும் ஒப்பிட்டால் இதே வகையான வேறுபாடு தென்படும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அணிலிடம் மட்டும் அது தெரியாது. மதிலின் மேல் விளிம்பையும் மின்கம்பியையும் வீதியாக்கிக்கொள்ள அது நெடுநாளைக்கு முன்பே பழகிவிட்டது.

மண்ணும் தன் பங்குக்குப் பிரிக்கிறது. வலிகாமத்துச் செம்மண் சில இடங்களில் ஆழமாகவும் சில இடங்களில் சுண்ணக்கல் மேலே தெரியுமளவுக்கு மெல்லியதாகவும் கிடக்கிறது. வளை தோண்டி வாழும் விலங்குக்குக் கல் வெளித்தெரியும் இடம் குடியிருக்க முடியாத இடம். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, நாகர்கோவில், அம்பன் என்று நீளும் மணற்பட்டை இளகிய மணலை விரும்பும் வெள்ளெலி போன்றவற்றுக்கு ஏற்றது, ஆனால் கடலுக்கும் நீரேரிக்கும் நடுவில் ஒடுங்கி நீண்டது. இப்படி ஒரே கோட்டில் வரிசையாக வாழும் கூட்டங்களில் வேறுபாடு, எல்லாத் திசையிலும் பரந்து வாழும் கூட்டங்களில் இருப்பதைவிடத் தூரத்தோடு கூர்மையாக வளரும் என்பது கிமுராவும் வைஸும் 1964இல் விளக்கிய, அடுத்தடுத்த கூட்டங்களுக்கிடையே கலப்பு நடக்கும் மிதிகல் மாதிரியிலிருந்து தெரிகிறது. கோட்டின் நடுவே ஒரு கூட்டம் அழிந்துவிட்டால் இரண்டு பக்கமும் முற்றாகத் துண்டிக்கப்படும், சுற்றிப்போக வழியில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஏறிய கரை இதுவே. வளைகள் மூழ்கிய இடங்களுக்கு அயலிலிருந்து திரும்பி வந்தவை சிலவாக இருந்திருப்பின், அச்சிலவற்றின் எதிருருக்கள் மட்டுமே இன்று அங்கே மிகுந்திருக்கும்.

காலத்தைப் பற்றிய சிக்கலுக்கு இப்போது வரலாம். 1990 முதல் வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைக்கப்பட்டன. வீடுகளும் தோட்டங்களும் ஆளில்லாமற்போய்ப் பற்றை மூடின. 2009க்குப் பின்னரே காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. மனிதருக்கு அது என்னவாயிருந்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. சிறு விலங்குகளின் பக்கத்திலிருந்து பார்த்தால், அடுப்படியையும் களஞ்சியத்தையும் நம்பி வாழ்ந்த எலியும் மூஞ்சூறும் உணவை இழந்த காலம் அது. பற்றையை நம்பி வாழும் முயலுக்கும் கீரிக்கும் தோட்டங்களால் துண்டாடப்பட்டிருந்த நிலம் மீண்டும் ஒன்றாக இணைந்த காலம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நகரமே பல மாதங்கள் வெறுமையாகக் கிடந்தது. வீட்டெலிகளின் எண்ணிக்கை அப்போது ஒடுங்கிப் பின் பெருகியிருந்தால், எதிருருக்களின் பல்வகைமை மட்டும் உடனே திரும்பியிருக்காது. எண்ணிக்கை சில ஆண்டுகளில் மீளும். இழந்த எதிருரு வெளியிலிருந்து ஒரு விலங்கு கொண்டுவந்தால் அல்லது புதிதாக விகாரத்தால் தோன்றினால்தான் மீளும்.

இத்தகைய மாற்றங்கள் பரம்பரையலகுகளில் தெரியவரத் தாமதம் ஆகிறது. எரின் லாண்ட்கத் முதலானோர் 2010இல் கணினிப் போலச்செய்தல் மூலம் இத்தாமதத்தை அளந்தார்கள். புதிய தடையொன்று எழுந்தபின் அதன் தடயம் எவ்வளவு விரைவில் தென்படும் என்பது, விலங்கு எவ்வளவு தூரம் பரவக்கூடியது என்பதையும் ஆய்வாளர் எந்த அளவீட்டைப் பயன்படுத்துகிறார் என்பதையும் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது. தனி விலங்குகளை இரண்டிரண்டாக ஒப்பிடும் முறைகள் விரைவில் காட்டுகின்றன. கூட்டங்களின் சராசரி எதிருரு வீதங்களை ஒப்பிடும் பழைய சுட்டெண் மிகவும் பிந்தியே காட்டுகிறது. குறைந்த தூரமே பரவும் விலங்குகளில், தடை நீங்கியபின்னும் அதன் தடயம் பல தலைமுறைகள் நீடிக்கக்கூடும். ஆகவே, இன்று மதில் எழும்பியிருக்கும் இடத்தில் பிரிவு தென்படாவிட்டால் மதில் தடையல்ல என்று முடிவெடுப்பதும், இன்று தாம்போதி இருக்கும் இடத்தில் பிரிவு தென்பட்டால் தாம்போதி பயனற்றது என்று முடிவெடுப்பதும் அவசரப்பட்டவையாகும்.

இணைப்பின் தடயம் விரைவாகவே தெரிந்த ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. இங்கிலாந்துக்கும் ஸ்கொற்லாந்துக்கும் எல்லைப்புறத்தில் 20ஆம் நூற்றாண்டில் நட்டு வளர்த்த கீல்டர் காடு முதிர்ந்தபோது, அதுவரை பிரிந்திருந்த செவ்வணில்கள் அதனூடாகக் கலந்தன. அருங்காட்சியகங்களில் இருந்த பழைய தோல்களையும் அண்மைய அணில்களையும் ஒப்பிட்டு 2001இல் வெளியான ஆய்வு இதை நிறுவியது. பழைய தோல்கள் இல்லாதிருந்தால் இன்றைய கலப்பை மட்டும் பார்த்து அவை எப்போதும் ஒன்றாகவே இருந்தன என்று எவரும் சொல்லியிருப்பர். மறுகோடியில் மடெய்ரா தீவு நிற்கிறது. மனிதரோடு அங்கே வந்து சேர்ந்த வீட்டுச் சுண்டெலிகள், செங்குத்தான மலைகளால் பிரிந்த பள்ளத்தாக்குகளில், பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் வேறுபட்ட ஆறு வகைகளாகப் பிரிந்திருந்ததை ஜனிஸ் பிரிற்றன்-டேவிடியனும் பிறரும் 2000ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். வழக்கமான 40 நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டி 22 முதல் 30 வரை குறைந்திருந்தன. குறுகிய காலத்துக்குள் இவ்வளவு தூரம் போகலாம் என்பது கூர்ப்பு (பரிணாமம்) மிக மெதுவானது என்ற பொதுநம்பிக்கையை அசைத்தது. தட்டை நிலமான யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்றை எதிர்பார்க்க நியாயமில்லை. மடெய்ராவின் எலிகளுக்குக் கிடைத்த தனிமை இங்குள்ள வீட்டெலிகளுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

தனிமையின் விலை என்ன என்பதற்கு அவுஸ்திரேலியாவின் மலைக் குள்ளப் பொசம் நல்ல சாட்சி. ஏறக்குறைய 45 கிராம் எடையுள்ள, வயிற்றுப்பையில் குட்டியை வளர்க்கும் இந்தப் பைம்மாவின் மவுண்ட் புல்லர் கூட்டம் 1996இல்தான் கண்டறியப்பட்டது. அடுத்த 15 ஆண்டுகளுக்குள் எண்ணிக்கையும் பல்வகைமையும் வேகமாகச் சரிந்தன. 2011இல் மவுண்ட் ஹொத்தத்திலிருந்து ஆண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கலப்பில் பிறந்த குட்டிகள் பருமனிலும் பிழைப்பிலும் மேம்பட்டிருந்தன, கூட்டமும் பெருகியது. தாய்லாந்தின் சியூ லான் நீர்த்தேக்கத்திலோ அத்தகைய உதவி எதுவும் இல்லை. 1986, 1987 ஆண்டுகளில் நீர் நிரம்பியபோது குன்றுகள் தீவுகளாயின. 25 ஆண்டுகளில் அத்தீவுகளின் காட்டுச் சிறு முலையூட்டிகள் ஏறக்குறைய முற்றாக மறைந்து, வெளியிலிருந்து வந்த வயலெலி ஒன்று அவற்றின் இடத்தைப் பிடித்தது. சிறு கூட்டங்களை அழித்தது பரம்பரையலகுகளின் வறுமை மட்டுமே என்று சொல்ல முடியாது. இடமின்மையும் வந்தேறி எலியும் அதற்கு முன்பே வேலையை முடித்திருக்கக்கூடும். தனிமை பெரும்பாலும் தனியாக வருவதில்லை.

எல்லாத் தனிமையும் நீக்கப்பட வேண்டியதும் அல்ல. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனபோது எலிகளைப் பற்றிய பேச்சு எல்லா வீடுகளிலும் எழுந்தது. எலியை ஒழிக்க முற்படும் எவரும் எதிர்கொள்ளும் கேள்வி, ஒழித்த இடத்துக்கு எலி எங்கிருந்து திரும்பி வரும் என்பதே. தென் அத்திலாந்திக்கிலுள்ள தென் ஜோர்ஜியத் தீவில் பனியாறுகள் எலிகளைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தன என்று ரொபேட்சனும் கெமலும் 2004இல் காட்டினர். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எலி போக முடியாதென்றால் ஒவ்வொன்றையும் தனி அலகாக ஒழிக்கலாம்; அவ்வாறே பகுதி பகுதியாக வேலை நடந்து, 2018இல் அத்தீவு எலியற்றதென அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் எலியை முற்றாக ஒழிப்பது நடக்காத காரியம். ஆனால் ஒரு வட்டாரத்தில் பொறிவைத்து எலியைக் குறைத்தால் அந்தக் குறைவு நிலைக்குமா, பக்கத்துச் சந்தையிலிருந்தும் வாய்க்கால் வழியாகவும் ஒரு மாரிக்குள் மீண்டும் நிரம்பிவிடுமா என்பதை, எந்த வட்டார எலிகள் எவற்றோடு உறவுடையன என்று அறிந்தால் முன்கூட்டியே சொல்லலாம். கட்டுப்பாட்டின் எல்லையை மாநகரசபை வட்டாரத்தின்படி வகுப்பதைவிட எலியின் எல்லைப்படி வகுப்பது செலவையும் குறைக்கும்.

இவற்றை இங்கே ஆராய முனைபவர், எங்கே மாதிரி எடுப்பது என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தீர்மானிக்க வேண்டும். உப்பாற்றின் ஒரு கரையில் ஓர் இடத்திலும் மறுகரையில் ஓர் இடத்திலும் எலிகளைப் பிடித்து, வேறுபாடு கண்டு, உப்பாறு பிரித்தது என்று எழுதுவது போதாது. அதே தூரத்தில், ஆனால் நீர் குறுக்கிடாத, ஒரே கரையிலுள்ள இரண்டு இடங்களையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் தூரத்தின் பங்கையும் நீரின் பங்கையும் பிரித்தறிய முடியும். ஒரே வளையில் பிடித்த உடன்பிறப்புகளை எண்ணிக்கையில் சேர்த்தால் பொய்யான பிரிவு தோன்றும். தாயிடமிருந்து மட்டும் வரும் இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) மரபுப்பொருளையும் இருபாலாரிடமிருந்தும் வரும் கலக்கருவின் மரபுப்பொருளையும் இரண்டையும் பார்ப்பது நல்லது. முலையூட்டிகளில் பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டுப் போவது ஆண் என்பதனால், பெண் கடக்காத நீரேரியை ஆண் கடந்திருந்தால் ஒன்று பிரிவைக் காட்டும்போது மற்றது கலப்பைக் காட்டும். இதற்காக விலங்கைக் கொல்லவேண்டியதும் இல்லை. காதோரத்தில் ஒரு சிறு துணுக்கு, அல்லது கூட்டுப்பொறியில் விட்டுச்செல்லும் எச்சம் போதும். கொழும்பு தேசிய அருங்காட்சியகம் போன்ற இடங்களில் வடபகுதியில் பிடித்த பழைய தோல்கள் இருந்தால், அவற்றிலிருந்து ஒரு நகத்துணுக்கைப் பெற அனுமதி கேட்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். மதில்களுக்கும் இடப்பெயர்வுகளுக்கும் முந்திய குடாநாட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.